மூன்றாம் இலக்கம்

ஏற்காட்டில் சர்வர் அறைக்கு ஏசி தேவையில்லை. இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். சேலத்தில் இதே மாதிரி ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, மே மாதம் முழுக்க இரண்டு மேஜை விசிறிகளோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே அந்தக் கவலை இல்லை. ஈரம் ஒன்றுதான் தொல்லை. அதற்கு அறை மூலையில் அறுபது வாட் பல்பு ஒன்றைப் பகலிலும் எரியவிட்டிருந்தேன். வெளியே பனிமூட்டத்தில் சவுக்கு மரம் தெரியாத நாளில்கூட மெஷின் உலர்ந்தே இருக்கும்.

ஐயா, நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் பெரியசாமி. சொந்த ஊர் ஓமலூர்ப் பக்கம். வயது முப்பத்து நான்கு. 1994லிருந்து மஞ்சக்குட்டை சாலையில் இருக்கும் இந்தக் காப்பி எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் ஆபீசராக இருக்கிறேன். ஆபீசர் என்பது பெயருக்குத்தான். எனக்குக் கீழே யாரும் கிடையாது.

சர்வர் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. கணக்கு எழுதும் ரைட்டர் மேஜையில் ஒன்று, குடோனில் ஒன்று, மேனேஜர் அறையில் ஒன்று, லேபில் ஒன்று. ஃபைல்கள் எதுவும் அவற்றில் இல்லை. எல்லாம் என் அறையிலிருக்கும் ஐந்தாவது மெஷினில் இருக்கின்றன. அதுதான் சர்வர். அதற்குள் ஒரு புரோகிராம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுக்கும், எழுதிக் கொடுத்ததை வாங்கி உள்ளே வைக்கும். தாலுகா ஆபீசில் ரெக்கார்டு ரூம் கிளார்க் செய்கிற அதே வேலை. அது விழுந்துவிட்டால் நான்கு மெஷின்களும் அப்படியே உறைந்துபோகும். நான் மறுபடி கிளப்பிவிட்டு, பாதியில் நின்ற ஃபைல்களைச் சரிபார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

1996 நவம்பர் ஐந்தாம் தேதி அது முதல்முறையாக விழுந்தது. பழம் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம். கேட்டில் லாரி நிற்கிறது, குடோனில் மூட்டைகளுக்கு லாட் நம்பர் அச்சாகவில்லை, மழை வேறு. அந்த மாதத்தில் அடிக்கடி இதுவே நடந்தது. மேனேஜர் பழனிசாமி கோபப்படுகிறவர் அல்ல. என் அறை வாசலில் வந்து நின்று, "ஏனுங்க பெரியசாமி, மறுக்காவும் படுத்துக்கிச்சுங்களா?" என்று கேட்பார். அவ்வளவுதான். பதில் வரும்வரை நிற்கக்கூட மாட்டார். அந்த 'மறுக்காவும்' என்கிற வார்த்தை எனக்குச் சாப்பிடும்போதுகூட நினைவுக்கு வரும்.

முதலில் கரண்டைச் சந்தேகப்பட்டேன். ஸ்டெபிலைசரை மாற்றினேன், விழுந்தது. ஒயரை எலி கடித்திருக்குமோ என்று லேபிலிருந்து என் அறைவரை தவழ்ந்துகொண்டே போய்ப் பார்த்தேன். ஓர் இடத்தில் கடித்துத்தான் இருந்தது. அதை மாற்றியும் விழுந்தது. ஒயர் முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டித் துடைத்தேன். அதன் பிறகும் விழுந்தது.

அப்புறம்தான் லாகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லாக் என்பது சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு, எந்த மெஷின், எந்த ஃபைலைக் கேட்டது, கொடுத்தேனா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதும். சாகும்போதும் கடைசியாக ஒரு வரி எழுதிவிட்டுத்தான் சாகும். நவம்பர் மாதத்து லாக் முழுவதையும் அகலக் காகிதத்தில் அச்செடுத்துத் தரையில் விரித்தேன். காற்றில் பறக்காமலிருக்கக் காப்பிக்கொட்டை சாம்பிள் தட்டுகளை மேலே வைத்தேன். சாவு வரி ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அதற்கு மேலே இருந்த பத்து வரிகளைப் படித்தேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிடிபட்டது. எல்லா வட்டமும் செவ்வாய்க்கிழமையில் இருந்தன. ஒவ்வொரு வாரமும் முதல் வட்டம் பதினொன்றேகாலுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், மற்றவை நான் மறுபடி கிளப்பிவிட்ட பிறகு. எல்லாவற்றிலும் கடைசியாகப் பேசியது லேப் மெஷின். கடைசியாகத் திறந்தது தண்ணீர் ஃபைல். கிணறு ஒன்று பதிவாகியிருக்கும், இரண்டு பதிவாகியிருக்கும், மூன்று பதிவாகியிருக்கும். நாலாம் நம்பர் கிணற்றில் விழுந்திருக்கும்.

டிசம்பர் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை லேபில் போய் உட்கார்ந்தேன். லேபில் இருப்பது மரியபுஷ்பம் என்கிற அம்மா. ஏற்காட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும், எந்நேரமும் ஊதா ஸ்வெட்டர். பள்ளிக்கூடத்து லேபில் வேலை பார்த்தவர். எஸ்டேட்டின் ஏழு கிணறுகளிலிருந்தும் வாராவாரம் பாட்டிலில் தண்ணீர் வரும். அதில் மருந்து விட்டு, வருகிற மஞ்சள் நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டு ஓர் எண்ணை நோட்டில் எழுதுவார். பிறகு கம்ப்யூட்டரில் அடிப்பார். அன்று நாலாம் நம்பருக்கு அவர் அடித்தது நூற்றுப் பன்னிரண்டு. அடித்த மாத்திரத்தில் திரை உறைந்தது.

அந்த நிமிடம் எனக்கு உண்டான நிம்மதியை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குப் போன ஆள், தண்ணீர் எண்ணுக்கு இரண்டு இலக்கம் போதும் என்று இரண்டு கட்டம்தான் ஒதுக்கியிருந்தான். மூன்றாம் இலக்கம் வந்தால் அது பக்கத்துக் கட்டத்தில் போய் விழும். பக்கத்துக் கட்டத்தில் புரோகிராம் தான் அடுத்துப் போகவேண்டிய இடத்தைக் குறித்து வைத்திருக்கும். அது அழிந்ததும் வழி தெரியாமல் விழுந்துவிடும். ஐந்து செவ்வாய்க்கிழமைகள், பதினோரு தடவை விழுந்ததற்கு இவ்வளவுதான் காரணம்.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்று நான் கேட்கவில்லை. மரியபுஷ்பம் தானாகவே சொன்னார்.

"நைட்ரேட்டுங்க சார். நாப்பத்தஞ்சுக்கு மேல போகக்கூடாதுங்க. பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. புட்டிப்பால் குடிக்கிற பச்சக் கொழந்தைங்களுக்குத்தான் ஆகாது. ஒடம்பு நீலம் பாஞ்சு போயிருமுங்க."

உரக் குடோன் அந்தக் கிணற்றுக்கு நேர் மேட்டில் இருப்பதையும், ஓடு உடைந்து மூட்டைகள் மழையில் கரைந்துகொண்டிருப்பதையும் அவர்தான் சொன்னார். மெஷின் சரியாகிவிட்டால் ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி விழும், மேனேஜர் ஐயா பார்த்துக்கொள்வார் என்றார். எல்லை தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் அச்சாகும். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். என் டைரியில் அன்றைக்கு எழுதியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். 'காரணம்: கட்டம் இரண்டு இலக்கம்' என்று இருக்கும்.

முறையான வைத்தியம் கட்டத்தை அகலப்படுத்துவது. அதற்குப் பழைய ஃபைல் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டும், நான்கு மெஷினிலும் புரோகிராமை மாற்ற வேண்டும். மூன்று நாள் ஆபீஸ் நிற்கும். பறிப்பு நடக்கும்போது மூன்று நாள் நிறுத்துங்கள் என்று நான் போய்ச் சொன்னால் பழனிசாமி கோபப்பட மாட்டார். வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார். அதைவிட ஒரு வரி எழுதுவது மேல் என்று தோன்றியது. எண் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இருந்தால் தொண்ணூற்றொன்பது என்று வைத்துக்கொள். அன்று மதியமே எழுதிவிட்டேன். சர்வர் விழவில்லை.

ஆனால் மறுநாள் ரிப்போர்ட் அச்சானபோது நட்சத்திரம் வந்தது. வெளிநாட்டில் எங்கள் காப்பியை வாங்குகிறவர்கள் அந்த வருஷம்தான் புதிதாக ஒரு சர்டிபிகேட் கேட்டிருந்தார்கள். தொழிலாளிகளுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கிறோம் என்பதற்கு. நட்சத்திரம் இருக்கும் காகிதத்தை அவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திருப்பி அனுப்பினால் ஏன், எப்போதிருந்து என்று ஆபீசில் ஆரம்பித்து என் அறையில்தான் வந்து நிற்கும். ஐந்து வாரமாக நாலாம் நம்பர் பதிவாகாமலே போனதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அந்தக் காகிதத்தை மேனேஜர் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிட்டு, வரியைத் திருத்தினேன். மூன்று இலக்கம் வந்தால் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை வைத்துக்கொள். நூற்றுப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பதிவானது. அதில் பொய்யான இலக்கம் எதுவும் இல்லை. இரண்டும் மரியபுஷ்பம் அடித்தவைதான்.

மேனேஜருக்கு இது எதுவும் தெரியாது. அவர் சொல்லி நான் செய்யவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் என்னிடம் சொன்னதெல்லாம், "மிஷினு நிக்காம ஓடுனாச் செரிங்க" என்பதுதான்.

மரியபுஷ்பம் அடுத்த வாரமே ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், நான் நூத்திப் பதினெட்டுன்னுதானுங்க அடிச்சேன். இதுல வெறும் பதினெட்டுன்னு இருக்குதுங்க."

உட்காரச் சொன்னேன். எனக்கும் சந்தேகம் இருந்தது, அதனால் போன வாரத்துத் தண்ணீரை நானே சேலத்துக்குக் கொடுத்தனுப்பிச் சோதித்துப் பார்த்தேன், பன்னிரண்டு என்றுதான் வந்தது, உங்கள் கண்ணுக்குத்தான் மஞ்சள் நிறம் தூக்கலாகத் தெரிகிறது போலிருக்கிறது என்று சொன்னேன். மெஷின் தானே திருத்திக்கொள்கிறது என்றும் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பிப் போனார்.

நான் எதையும் சேலத்துக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் ஒரு பாட்டிலும் ஒரு வாரமும்தான் வீணாகியிருக்கும். எண் எங்களுக்குத் தெரிந்ததுதானே.

பொங்கல் லீவில் அவர் சேலத்துக்குப் போய்க் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளி பிரேம். அவருக்குப் பொருத்தமாக இருந்தது, அதை நான் சொல்லவும் செய்தேன். கண்ணாடி போட்ட பிறகும் எண்கள் நூறுக்கு மேலேயே வந்தன. ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு தடவை, மூன்று தடவை பார்ப்பார். நிற அட்டை வெளுத்துப்போயிருக்கும் என்று என்னிடம் வந்து சொன்னார். இருக்கலாம் என்றேன். அவருடைய நோட்டை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வாங்கி என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். இனிமேல் நேராகக் கம்ப்யூட்டரிலேயே அடியுங்கள், இரண்டு இடத்தில் எழுதுவதால்தான் குழப்பம் என்றேன். அது நல்ல யோசனைதான். எந்த ஆபீசிலும் அப்படித்தான் செய்வார்கள்.

இப்போது பூவாயி விஷயம். அதைத்தான் நீங்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பூவாயி தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் பெண். பழம் பறிக்கிற வேலை. இருபத்திரண்டு வயது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனதால் நான்கு மாதக் குழந்தைக்கு டப்பாப் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜனவரி கடைசியில் ஒரு நாள், பத்து மணி டீ நேரத்தில், பறிக்கிற கூடையோடு ஆபீசுக்கு வந்தாள். ரைட்டர் இல்லாததால் என் அறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க சார், நம்ம நாலாம் நம்பர் கெணத்துத் தண்ணி நல்லாத்தான இருக்குதுங்க? கொழந்த ஒதடு நாவப்பழம் தின்னாப்புல நீலமா இருக்குதுங்க. நர்ஸம்மா தண்ணியக் கேட்டுப் பாருன்னாங்க. இல்லைன்னா கீழ ஊத்துல போயி எடுத்துக்கிறேனுங்க. ரெண்டு மைலு. பரவாயில்லைங்க, போயிட்டு வந்துருவேன்."

நான் ரிப்போர்ட்டை எடுத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். போன செவ்வாய்க்கிழமைக்கு இருபத்தாறு என்று இருந்தது.

"இருவத்தாறும்மா. நாப்பத்தஞ்சு வரைக்கும் போகலாம். பக்கத்துல நட்சத்திரம் எதுவும் இல்ல பாரு" என்றேன்.

"அப்பக் காச்சிக் குடுத்தாச் செரியாப் போயிருமுங்களா?"

"நல்லாக் காச்சிக் குடு."

காய்ச்சிய தண்ணீர் நல்லது என்று யாரும் யாருக்கும் சொல்வதுதான். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் சுண்டி அந்த நைட்ரேட் இன்னும் அதிகமாகும் என்று மரியபுஷ்பம் பிற்பாடுதான் சொன்னார். பூவாயி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். ரொம்ப நிம்மதியாக இருந்தது அவள் முகம். அதைப் பார்த்து எனக்கும் ஒரு திருப்தி. என் அறைக்கு வந்து யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை.

நான்காம் நாள் வியாழக்கிழமை குழந்தை மூச்சுக்குத் தவித்ததும் எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்கு ஏற்றினார்கள். ஓட்டியது சின்னன். பதினான்காம் வளைவு தாண்டும்போதே முடிந்துவிட்டது என்று அவன் திரும்பி வந்து சொன்னான். வண்டியைத் திருப்பலாமா என்று கேட்டபோதும் பூவாயி பால் புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்துக்கொண்டே இருந்தாளாம். நான் மாலை வாங்கிக்கொண்டு லைனுக்குப் போனேன். ஆபீசிலிருந்து போனது நான் ஒருவன்தான். பனிக்குளிர் குழந்தைக்கு ஆகவில்லை என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அவ்வருஷம் குளிர் அதிகம்தான்.

அதற்குப் பிறகு இரண்டு. பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. பிப்ரவரிக் குழந்தையின் தாத்தா அங்கப்பன் எங்கள் ஆபீஸ் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார். அவரும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அவருக்கும் காகிதத்தைக் காட்டினேன். யார் கேட்டாலும் காட்டினேன். ஆபீஸ் ரகசியம் என்று யாரையும் நான் விரட்டியதில்லை.

பிப்ரவரி நடுவில் இன்னொரு சிக்கல் வந்தது. நாலாம் நம்பருக்கு நூற்று நாற்பத்தாறு என்று வந்தது. முதல் இலக்கத்தை விட்டால் நாற்பத்தாறு. எல்லை நாற்பத்தைந்து. ஒன்றே ஒன்று அதிகம், அதற்காக ஒரு நட்சத்திரம். அன்று இன்னொரு வரி சேர்த்தேன். நாற்பதுக்கு மேல் வந்தால் பாதியாக்கு. மற்றக் கிணறுகளுக்கு அநியாயம் ஆகிவிடக்கூடாது என்பதால் இதை நாலாம் நம்பருக்கு மட்டும் எழுதினேன். நாற்பத்தாறு இருபத்து மூன்றானது.

நீங்கள் நேற்று ஒரு விஷயம் கேட்டீர்கள். தடயமே இல்லாமல் செய்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை என்று. புரோகிராமில் ஒரு திருத்தம் செய்தால், அந்தத் திருத்தம் வேலை செய்யும் ஒவ்வொரு தடவையும் லாகில் ஒரு வரி விழும்படி செய்ய வேண்டும். ஒழுங்காக வேலை கற்றவன் அப்படித்தான் செய்வான். அடித்த எண், பதிவான எண், தேதி, மணி. டிசம்பர் மூன்றிலிருந்து மார்ச் இருபத்தைந்துவரை பதினேழு செவ்வாய்க்கிழமைகளுக்கும் பதினேழு வரிகள் இருக்கின்றன. மரியபுஷ்பம் மூன்றாவது குழந்தை போன மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஒரு பாட்டிலைச் சேலத்துக்கு அனுப்பி, நூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்திராவிட்டாலும், லாகை யாராவது திறந்து பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். யாரும் திறக்கவில்லை. அது என் தப்பு இல்லை.

அவர் அந்தக் காகிதத்தோடு முதலில் என்னிடம்தான் வந்தார். கண்ணாடியைக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார்.

"எங் கண்ணு நல்லாத்தாஞ் சார் இருந்துச்சு" என்றார். நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்துவிட்டார்.

செய்தது நான்தான். எண்ணைக் குறைத்தது நான், பூவாயியிடம் காய்ச்சிக் கொடு என்றது நான், மரியபுஷ்பத்திடம் சேலத்து ரிப்போர்ட் என்று சொன்னதும் நான். மூன்று குழந்தைகள் என்று நீங்கள் எழுதியிருப்பதில் திருத்தம் எதுவும் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் அல்ல. என் கவனம் முழுக்க மெஷின் மேல் இருந்தது. தண்ணீரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

சின்னன் சொன்னதைப் பற்றிக் கேட்கிறீர்கள். உண்மைதான். டிசம்பர் நான்காம் தேதியிலிருந்து தினமும் ஏற்காட்டு டவுனிலிருந்து ஜீப்பில் இரண்டு கேன் தண்ணீர் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தது. எங்கள் குழாயிலும் நாலாம் நம்பர் கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறது. என் மகள் அப்போது மூன்று மாதக் குழந்தை. "ஏனுங்க, நம்மூட்டுக் கொழாத் தண்ணிக்கு என்னங்க வந்துச்சு?" என்று என் மனைவி ஜெயகுமாரி கேட்டாள். ஒன்றுமில்லை, டவுன் தண்ணீரில் போட்டால்தான் காப்பி காப்பியாக இருக்கிறது என்றேன். வீட்டில் கேன் இருக்கிறதே என்று பாப்பாவுக்குப் பால் கரைப்பதற்கும் அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குழாய்த் தண்ணீரைத் தொடவே கூடாது என்றும் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஐயா. காப்பி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.